கஸ்தூரி அக்காவின் வயிறு

"டெமான்ஸ்ட்ரேட்" என்றார் சீஃப்.

இறுதியாண்டு மெடிசின் பரீட்சை. பெண்கள் வார்டில் ஒன்பதாவது கட்டில். கட்டிலைச் சுற்றி நாலு எக்ஸாமினர்கள் நின்றார்கள். இரண்டு பேர் வெளிக் கல்லூரி, இரண்டு பேர் எங்கள் கல்லூரி. எங்கள் கல்லூரிக்காரர்களில் ஒருவர் என் யூனிட்டின் சீஃப்.

கட்டிலில் கஸ்தூரி அக்கா. போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வயிறு மட்டும் தெரியும்படி படுத்திருந்தார். வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் வீங்கிய மண்ணீரல் அடைத்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் வாயால் சொல்லி முடித்துவிட்டேன். இனி எக்ஸாமினர்கள் கண் முன்னால் கையை வைத்து அழுத்திக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. காட்டினால் டாக்டர்.

நான் கையை வைக்கவில்லை. குனிந்து, "அக்கா, இன்னொரு தரம் கை வைக்கட்டுமா? வலிச்சா வேணாம்" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் நாலு வெள்ளைக் கோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேணாம் பாப்பா" என்றார்.

கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த நர்ஸ் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

ஒரு நல்ல கேஸ்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அதான் டாக்டர் ஆகிவிட்டீர்களே" என்று கேட்டிருந்தார். ஆனதனால்தான் ஐயா. ஆகாமல் போயிருந்தால் எட்டாத திராட்சை புளிக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் கல்லூரி பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி. பெயர் வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்று மற்ற கல்லூரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அங்கே படைக்கலத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஊர்ப் பேச்சை மட்டும் விடாமல் வைத்திருந்தவர். காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்பேன். ஏரிக்காற்றில் பாசி நாற்றமும் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாத வாசனையுமாகச் சேர்ந்து வரும். இன்றைக்கும் எலுமிச்சை சாதம் என்றால் எனக்கு வயிற்றில் ஒரு பரீட்சை பயம் எட்டிப் பார்க்கிறது.

மருத்துவக் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. வார்டில் யாருக்காவது நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு நோய் இருந்தால் அவருக்கு 'நல்ல கேஸ்' என்று பெயர். நோயாளிக்கு எவ்வளவு கெட்டதோ எங்களுக்கு அவ்வளவு நல்லது. பரீட்சை நெருங்கும்போது நல்ல கேஸ்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கஸ்தூரி அக்காவை, அனுப்பிய டெஸ்ட்டின் ரிசல்ட் வரும்வரை இருக்கச் சொன்னார்கள். ரிசல்ட்டும் பரீட்சையும் ஒரே வாரத்தில் வரப்போவது தற்செயல் என்று யாரும் பாசாங்குகூடச் செய்யவில்லை.

அவர் வந்த அன்று மத்தியானமே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. 'ஒன்பதாம் பெட். பெரிய ஸ்ப்ளீன். தொப்புளைத் தாண்டிவிட்டது. நாட்ச் தெரிகிறது.' ஸ்ப்ளீன் என்றால் மண்ணீரல். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு மாதிரி இருக்கும், அதுதான் நாட்ச். விரலில் அது தட்டுப்பட்டால், தொடுவது மண்ணீரல்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம். எங்களில் பலர் அதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தோம்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. எங்கள் பேட்ச், அடுத்த பேட்ச், ஹவுஸ் சர்ஜன்கள், பக்கத்து யூனிட் பி.ஜி. மாணவர்கள். திருவேற்காட்டுக் கோயிலில் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அப்படி ஒரு வரிசையைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வருவார்கள். "வயித்துல கை வைக்கிறேன்மா" என்பார்கள். அது கேள்வி அல்ல, அறிவிப்பு. சொல்லி முடிக்கும் முன்னால் கை வயிற்றில் இருக்கும்.

அவருடைய வீட்டுக்காரர் ஒருநாள் வார்டு வாசலில் நின்று, "கஸ்தூரின்னு ஒருத்தங்க, எந்த பெட்டுங்க?" என்று எங்கள் பையன் ஒருவனிடம் கேட்டார். அவன் அப்படி யாரும் இல்லையே என்று நெற்றியைச் சுருக்கினான். "வயித்துல கட்டிங்க" என்றார் அவர். "ஓ, ஸ்ப்ளீனா? ஒன்பது" என்று உடனே கையைக் காட்டினான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் அருகில்தான் நின்றிருந்தேன். அந்த நன்றி என்னைச் சுட்டது.

உண்டியல்

அக்கா திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நாலு சக்கர ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஸ்டாண்டில் ஒரே பெண் டிரைவர். நாற்பதைத் தாண்டிய வயது, கணீரென்ற குரல். வயிற்றைக் கட்டி அடைத்துக்கொண்டதால் ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது என்றுதான் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி சாம்பார் சாதத்தைக் கஷ்டப்பட்டுக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் சாய்ந்திருந்தார். என் பேட்ச்மேட் அரவிந்த் வந்தான். நல்ல பையன், கோயம்புத்தூர்க்காரன், எனக்கு நோட்ஸ் தருகிறவன். அவனுக்கு நாட்ச் இன்னும் சிக்கவில்லை. ஏசி லைப்ரரியிலிருந்து நேராக வந்த கையை வைத்து, விரல் நுனியால் தேடித் தேடி அழுத்தினான்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். சாப்பிட்டது முழுக்க அரவிந்தின் ஷூவில் வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பேசியது அந்த வார்டு முழுக்கக் கேட்டது.

"காலீலேர்ந்து எத்தினி பேருய்யா? நான் இன்னா கோயில் உண்டியலா, வர்றவன் போறவன்லாம் கைய உட்டுப் பாக்கறதுக்கு? பேர் இன்னான்னு ஒர்த்தன் கேட்டானா? துன்னியான்னு கேட்டானா? என் வண்டில ஏறணும்னாகூட கைய காட்டி, நிக்கறியாக்கான்னு கேட்டுத்தான் ஏறுவானுங்க. நிக்கறதா வாணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

அரவிந்த் "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு, ஷூவைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போனான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இடது விலாவுக்குக் கீழே வலி பின்னுகிறது என்றார். அவ்வளவு பெரிய மண்ணீரலை அழுத்திக்கொண்டே இருந்தால் வலி மட்டுமல்ல, கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டவும் வாய்ப்பு உண்டு. எங்கள் பாடப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. பரீட்சைக்கு அந்த வரியையும் படித்திருந்தோம்.

"நீ இன்னா பாப்பா, நீ மட்டும் கைய வெக்கவே இல்லியே?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லலியேக்கா."

"நீ கேக்கவே இல்லியே."

உண்மைதான். கூட்டத்தில் முண்டியடிக்கப் பிடிக்காமல் தள்ளி நின்றேனே தவிர, கேட்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். ஆனால் அந்த வயிறு இருந்த நிலையில் எனக்குக் கேட்க மனம் வரவில்லை. "இனிமே யாராச்சும் கேக்காம வந்தா நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

காவல்

பார்த்துக்கொண்டேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் அக்கா போட்ட நிபந்தனையைச் சொன்னேன். முதலில் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் கூடாது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வேணாம் என்றால் வேணாம்.

பேட்ச் முழுக்கக் கொதித்தது. அரவிந்த் ஒருவன்தான் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டான்.

"பேஷன்ட்டைத் தொடாம எப்படி உமா டாக்டர் ஆகறது? நாளைக்கு ஒருத்தர் ஸ்ப்ளீனோட வந்து நாம மிஸ் பண்ணினா? அது மட்டும் சரியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்று வரைக்கும் அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தொட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

"தொடு. கேட்டுட்டுத் தொடு. கேட்டா அவங்க மாட்டேன்னு சொல்லிடுவாங்கன்னு உனக்கு பயம். அதனாலதானே கேக்க மாட்டேங்கற?" என்றேன்.

"நீ தொட்டுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க, அதான் பேசற."

"நான் இன்னும் தொடவே இல்லடா."

அவன் நம்பவில்லை. அப்புறம் நம்பினான். ரெண்டு நாள் கழித்து, காலையில், கையைத் தேய்த்துக்கொண்டே வந்து, "அக்கா, என் பேர் அரவிந்த். அன்னிக்கு உங்க வாந்தி வாங்கினவன்" என்றான். அக்கா சிரித்துவிட்டு வயிற்றைக் காட்டினார். அவனுக்கு அன்றுதான் நாட்ச் கிடைத்தது.

மறுநாள் சீஃப் ரவுண்ட்ஸ். சீஃப் பெரிய டாக்டர், அதை மறுக்க மாட்டேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்து அவர் சொல்வதை எக்கோ ஸ்கேன் பின்னால் வந்து ஆமாம் போடும். எங்களை ரோல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார், நோயாளிகளை பெட் நம்பர் சொல்லி. ஒன்பதாம் பெட்டுக்கு வந்ததும், "எல்லாரும் வரிசையா வந்து பால்பேட் பண்ணுங்க" என்றார். வயிற்றை அழுத்திப் பார்க்க முதலில் என் நம்பரைச் சொன்னார்.

அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். விடியற்காலையிலிருந்து வலி.

"சார், அவங்களுக்கு இன்னிக்கு வலி அதிகம். வேணாம்ங்கறாங்க."

"யாரு?"

"பேஷன்ட் சார். கஸ்தூரி."

சீஃப் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "இது டீச்சிங் ஹாஸ்பிட்டல்மா. இங்க பெட் ஃப்ரீ. சாப்பாடு ஃப்ரீ. டெஸ்ட் ஃப்ரீ. எல்லாம் எதுக்கு ஃப்ரீன்னு நினைக்கற?"

"வயித்தை வாடகைக்கு விடறதுக்கு இல்ல சார்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பி.ஜி.க்கள் தரையைப் பார்த்தார்கள். அரவிந்த் இருமினான். என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

"வெளிய போ. எக்ஸாம்ல பாக்கலாம்" என்றார் சீஃப்.

போனேன். வார்டு வாசல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் அக்காவைத் தாண்டி பத்தாம் பெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு தரம்

பரீட்சையில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கேஸ் கொடுப்பார்கள். நான் எடுத்த சீட்டில் ஒன்பது இருந்தது. சீஃப் செய்த வேலையாக இருக்கும் என்று அரவிந்துக்கு இன்றும் சந்தேகம். எனக்கு இல்லை. என் அதிர்ஷ்டத்துக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை.

நோயாளியோடு தனியாகப் பேச, சோதிக்க ஒரு மணி நேரம் தருவார்கள். அக்கா என்னைப் பார்த்ததும், "அட, நீயா? வா வா" என்று உறவுக்காரி வந்தது மாதிரி நகர்ந்து படுத்தார். எல்லாம் சொன்னார். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு இளைத்தார், ராத்திரி வியர்வை, ஸ்டியரிங் இடித்தது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "கை வைக்கட்டுமாக்கா?" என்றேன்.

"இப்பத்தான் கேக்கற. வை. ஆனா ஒரு தரந்தான், சொல்லிட்டேன். நேத்திலேர்ந்து குத்திகினே கீது."

கையைத் தேய்த்துக்கொண்டேன். வலது இடுப்போரத்தில் ஆரம்பித்து, அவர் மூச்சை இழுக்க இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி மேலே நகர்ந்தேன். ஒரு மூச்சில் அது தானாக வந்து என் விரலைத் தொட்டது. உறுதியான, வழவழப்பான ஓரம். இன்னும் கொஞ்சம் போனேன். நாட்ச். நான் அழுத்தவே இல்லை. என் முதல் ஸ்ப்ளீன். அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.

"ஆப்ட்டுதா?" என்றார்.

"ஆப்ட்டுதுக்கா."

அவரிடம் கேட்டுக்கொண்டு, தோலின் மேல் பேனாவால் அந்த ஓரத்தை அப்படியே வரைந்தேன். இன்னொருவர் அழுத்த வேண்டியிருக்கக் கூடாது என்று.

அப்புறம்தான் அந்த நாலு பேரும் வந்தார்கள், சீஃப் "டெமான்ஸ்ட்ரேட்" என்றார், அக்கா "வேணாம் பாப்பா" என்றார்.

"சார், ஒரு தரம் பார்க்க அனுமதிச்சாங்க, பார்த்தேன். இப்ப வலிக்குது. ஓரத்தை வரைஞ்சிருக்கேன், அளந்து பாருங்க" என்று இன்ச் டேப்பை நீட்டினேன்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அம்மா டேப்பை வாங்கவில்லை, ஆனால் கோட்டைக் குனிந்து பார்த்தார். "கோடு சரியாத்தான் போட்டிருக்கா" என்றார் மெதுவாக.

"கோடு போட்டா போதுமா மேடம்? கை எப்படி வைக்கறான்னு நாம பாக்க வேணாமா?" என்றார் சீஃப். என்னிடம் திரும்பினார். "கடைசி தடவை சொல்றேன். டெமான்ஸ்ட்ரேட்."

"அவங்க வேணாம்னுட்டாங்க சார்."

"யோவ், அதான் வாணாங்கறன்ல" என்றார் அக்கா படுத்தபடியே.

மெடிசினில் ஃபெயில்.

அப்பா

அப்பாவுக்கு அந்த வருடம் ரிட்டையர்மென்ட். பிரிவு உபசார விழாவில் 'எங்க வீட்டு டாக்டர்' என்று என்னை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று ஆசை. செக்‌ஷன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"ஒரு தரம் கைய வச்சிருந்தா என்னட்டி கொறைஞ்சிரும்? ஒரு நிமிசம். அந்தம்மா பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்காதா?" என்றார்.

"இருந்திருப்பாங்கப்பா. அதுதான் எனக்கு வேணாம்."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். விழாவில் நான் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார்ந்திருந்தேன். மாலையோடு நின்ற அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. அழுதேன். எதிர்த்து நிற்கிறவர்களுக்கு அழுகை வராது என்று நினைக்கிறவர்கள் எதையும் எதிர்த்து நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் அழுதுகொண்டிருந்தபோதும், மறுபடி அதே கட்டில் வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதையேதான் செய்வேன் என்று தோன்றியது.

அக்காவுக்கு வந்திருந்தது ரத்தப் புற்றுநோயில், மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை. தினம் மாத்திரை. கொஞ்ச மாதங்களில் வயிறு வடிந்து, மறுபடி ஸ்டியரிங் பிடித்துவிட்டார். ஒருநாள் பூந்தமல்லியில் என்னைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். "கட்டி கரைஞ்சி பூட்ச்சி பாப்பா. இனிமே உன் பரீச்சைக்கு நான் ஆவ மாட்டேன்" என்று சிரித்தார். அயனம்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு இப்போதும் சளி, காய்ச்சல் என்றால் வருகிறார். வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று வேண்டுமென்றே கேட்பார்.

மறுபடி

என் நண்பர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜன் ஆகி அதே வார்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மாணவியாகவே ஆறு மாதம் சுற்றினேன். பார்க்கிறவர்களெல்லாம் பரிதாபப்பட்டு ஒரே அறிவுரை சொன்னார்கள். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்.

மறு பரீட்சையில் எனக்கு ஆண்கள் வார்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்த ஒரு பெரியவர். முதுகைத் தட்டிப் பார்த்தால் நீர் இருக்கும் இடத்தில் மந்தமாகச் சத்தம் கேட்கும். அவரிடம் அனுமதி கேட்டு ஒரு தரம் தட்டி, எல்லாம் எழுதி முடித்தேன். நாலு பேர் வந்தார்கள். அதில் சீஃப் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"டெமான்ஸ்ட்ரேட்" என்றார்.

அப்பாவின் மாலை ஞாபகம் வந்தது. கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் குனிந்தேன்.

"ஐயா, இவங்க பாக்கறதுக்காக இன்னொரு தரம் முதுகைத் தட்டட்டுமா?"

பெரியவர் பழக்கதோஷத்தில், உத்தரவு கேட்பதுபோல சீஃபின் முகத்தைப் பார்த்தார்.

"அவரை ஏன்யா பாக்கறீங்க? உங்க முதுகு. நீங்க சொல்லுங்க" என்றேன்.

சீஃப் என்னைப் பார்த்தார். நான் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் அவசரப்படாமல் யோசித்தார். நாலு டாக்டர்களும் ஒரு கிழவரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"தட்டும்மா" என்றார் அவர்.

தட்டினேன்.